மழலையரின் முதல் எழுத்து எம்மொழியில்?

தேனி முதல் கம்பம் வரை, வீட்டில் கன்னடமோ தெலுங்கோ பேசி, தெருவில் தமிழ் பேசி வளரும் பிள்ளைகள் பல தலைமுறைகளாக உள்ளனர். இருமொழி அவர்களுக்கு ஒருநாளும் சுமையாக இருந்ததில்லை. சுமையை ஏற்றுவது இன்றைய மழலையர் வகுப்பு. வீட்டிலும் தெருவிலும் கேட்டறியாத ஆங்கிலத்தின் எழுத்துகளை மூன்று வயதில் முதலில் புகட்டிவிட்டு, தமிழைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்கின்றனர். இம்முறையை நாம் எதிர்க்கிறோம்.

வாசித்தல் என்பது யாது? தாளிலுள்ள குறியை ஒலியாக்கி, அவ்வொலியில் தனக்குத் தெரிந்த சொல்லை இனங்காணுதல். 'கடல்', 'தங்கம்', 'பகல்' என்னும் சொற்களில் ககரம் மூவகையாக ஒலிக்கிறது. ஆயினும் பிள்ளை மயங்குவதில்லை. தங்கம் என்ற சொல் அதன் செவியில் முன்னரே இருப்பதால், பிழைபட்ட ஒலியைத் தானே திருத்திக்கொள்கிறது. ஆங்கிலத்திலோ 26 எழுத்துகள் நாற்பதுக்கும் மேற்பட்ட ஒலிகளைச் சுமக்கின்றன. முதலெழுத்தின் பெயர் 'ஏ'; 'ஆப்பிள்' என்னும் சொல்லில் அதன் ஒலி வேறு. சொல்லையே அறியாத பிள்ளை எதைக்கொண்டு திருத்தும்? மனப்பாடம் செய்து ஒப்பிக்கும். அதனை வாசிப்பு என்றெண்ணிப் பெற்றோர் மகிழ்வர்.

கன்னடம் பேசும் வீட்டுப் பிள்ளைக்குத் தமிழும் வேற்றுமொழிதானே என்று சிலர் வினவலாம். அது தெருவில் நாள்தோறும் கேட்டுப் பேசும் மொழியன்றோ? மேலும், தமிழில் பால், புலி, பத்து என்பவை கன்னடத்தில் ஹாலு, ஹுலி, ஹத்து என வரும். இந்த உறவை ஆசிரியர் ஒருமுறை சுட்டிக்காட்டினால், வீட்டுமொழியே தமிழ் வாசிப்புக்குப் பாலமாகும். வீட்டுமொழியை வகுப்பில் பேசியதற்காகப் பிள்ளையை அதட்டும் ஆசிரியர் அப்பாலத்தை இடிக்கிறார்.

ஆங்கிலம் வேண்டாம் என்று நாம் கூறவில்லை. எழுத்து ஒலியைக் குறிக்கும் என்ற அறிவை அறிந்த மொழியில் பெற்ற பிள்ளை, அதனை அடுத்த மொழிக்கும் கொண்டுசெல்லும். ஒரு மொழியில் பெற்ற கல்வித்திறன் மற்றொரு மொழிக்குத் துணையாகும் என்று கனடா நாட்டு அறிஞர் ஜிம் கம்மின்ஸ் 1979-இல் எடுத்துரைத்தார். தொடக்கக் கல்விக்குத் தாய்மொழியே ஏற்றது என யுனெஸ்கோ 1953-லேயே வலியுறுத்தியது.

2006-ஆம் ஆண்டின் தமிழ் கற்றல் சட்டம் முதல் வகுப்பிலிருந்து தமிழைக் கட்டாயப் பாடமாக்கியது. ஆனால் எழுத்தின்மீது விருப்பமோ வெறுப்போ வேர்விடுவது அதற்கு முந்திய மழலையர் வகுப்பில். சட்டம் எட்டாத அவ்விடத்தில் பெற்றோரும் பள்ளி நிர்வாகத்தினருமே பொறுப்பேற்க வேண்டும். ஆங்கிலப் பாடலை ஒப்பிக்கச் சொல்லி விருந்தினர்முன் பிள்ளையை நிறுத்துவதை விடுத்து, கம்பம் பேருந்தின் பெயர்ப்பலகையைத் தானே எழுத்துக்கூட்டிப் படிக்கிறதா என்று பாருங்கள். அத்திறன் வாய்த்தபின் ஆங்கிலத்தைக் கொடுங்கள்; பிள்ளை அச்சமின்றி ஏற்கும்.