பக்கத்து நாற்காலி ஆலோசனை

சென்னை கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகத்தில் சொந்தப் புத்தகம் கொண்டுபோய்ப் படிக்கத் தனிப் பகுதி உண்டு. கோச்சிங் சென்டருக்குக் கட்டப் பணமில்லாமல் டிஎன்பிஎஸ்சிக்குப் படிப்பவர்களுக்குப் பெரிய ஆறுதல் அது. டிபன் பாக்ஸ் திறக்கும் நேரத்தில்தான் நிஜமான ஆலோசனை நடக்கிறது. "குரூப் 4 ரிசல்ட் வர்ற வரைக்கும் சும்மா இருக்காதே, தமிழ், இங்கிலீஷ் ரெண்டுலயும் டைப்ரைட்டிங் ஹையர் முடிச்சிடு, அடுத்த தடவை டைப்பிஸ்ட் போஸ்டிங்குக்கு ஆகும்." "ஸ்கூல் புக் பிடிஎஃப் சும்மாவே கிடைக்குது, கைடு எதுக்குடா வாங்குற?" சொந்தக்கார மாமாக்கள் சொல்லும் யோசனையில் ஹாஸ்டல் வாடகை பற்றி ஒரு வார்த்தை இருக்காது (அவர்களா கட்டப் போகிறார்கள்?). கூடப் படிப்பவனுக்கு நம் பர்ஸும் தெரியும்.

ஆனால் இந்தக் கூட்டத்தின் மேல் எனக்கொரு மனக்குறை. "இன்னொரு அட்டெம்ப்ட் பார்க்கலாம் மச்சான்" என்று தட்டிக்கொடுக்க நிறையப் பேர் இருக்கிறார்கள். "போதும்டா, கிடைச்ச வேலையில சேரு, ராத்திரி உட்கார்ந்து படி" என்று சொல்லத்தான் ஆளில்லை. சொன்னால் முகம் வாடிவிடுமே என்று தயக்கம். இதையே அப்பா சொன்னால் வீட்டில் சண்டைதான். வட்டிக்கு வாங்கி அடுத்த டெஸ்ட் பேட்சில் சேரப் போகிறவனைத் தடுத்து நிறுத்த முடிந்தவன் பக்கத்து நாற்காலிக்காரன் ஒருவன்தான்.