லயக் காம்பராவுக்கு ஒரு விளையாட்டுக் கணினி

பொகவந்தலாவையிலிருந்து என் தங்கை மகன் சில வாரங்களுக்கு முன் வாட்ஸ்அப்பில் ஒரு பட்டியல் அனுப்பியிருந்தான். அப்பியாசக் கொப்பியிலிருந்து கிழித்த தாளில் நீலப் பேனாவால் எழுதி, அதைப் படம்பிடித்து அனுப்பிய பட்டியல். முதற்பார்வையில் பலசரக்குக் கடைத் துண்டு என்றே எண்ணினேன். கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தபோதுதான் அது ஒரு கணினியின் உறுப்புப் பட்டியல் என்று விளங்கிற்று. ரைசன் 5 5600 ப்ராசஸர், பி650 மதர்போர்ட், டி.டி.ஆர்.4 ராம் 16 ஜி.பி., ஆர்.எக்ஸ். 580 கிராஃபிக்ஸ் கார்ட், 700 வாட் பவர் சப்ளையோடு வரும் கேசிங். அடியில் ஒரு வரி: "மாமா, இதெல்லாம் ஒன்னோட ஒன்னு சேருமா? யூடியூப்ல ஆளுக்கொன்னு சொல்றாங்க."

சேராது. அதைச் சொல்வதற்கு முன் அந்தத் தாளுக்குப் பின்னால் இருந்த பணத்தைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். ஒன்றரை இலட்சம் ரூபாய். என் தங்கை கொழுந்து பறிப்பவள்; அவள் கட்டி எடுத்த சீட்டுப் பணம் அது. தோட்டத் தொழிலாளரின் நாட்சம்பளம் 2021இல் 1,000 ரூபாயாகவும் 2024இல் 1,350 ரூபாயாகவும் உயர்ந்தது. 2026ஆம் ஆண்டுக்கான வரவு செலவுத் திட்டத்தில், அரசு தரும் 200 ரூபாய் வரவுக் கொடுப்பனவையும் சேர்த்து 1,750 என அறிவிக்கப்பட்டது. அவள் சீட்டுக் கட்டிய காலத்துக் கணக்கில், அதாவது 1,350இல், இந்தப் பணம் 111 நாட் சம்பளம். அந்த 111 நாளும் கிலோ குறையாமல் முழுப் பெயர் விழுந்த நாட்களாக இருக்க வேண்டும். ஆகவே ஒரு தவறான பலகையை வாங்கிவிட்டால் மலையில் எத்தனை நாள் வீணாகிறது என்பதை வாசகர்களே கணக்கிட்டுக்கொள்ளலாம்.

விளையாட்டுக்கா இவ்வளவு பணம் என்று உறவினர் சிலர் என்னிடமே கேட்டார்கள். படிப்புக்கும் உதவும், வீடியோ தொகுக்கலாம், படம் வரையலாம் என்றெல்லாம் பதில் சொல்ல முடியும். அவை உண்மையுங்கூட. ஆனால் அப்படிப் பதில் சொல்ல எனக்கு மனமில்லை. கொழும்பு ஏழில் ஒரு பையன் இதே பெட்டியைக் கேட்டால் யாரும் நியாயம் கேட்பதில்லை. லயத்துப் பையன் மட்டும் தன் ஒவ்வோர் ஆசைக்கும் 'படிப்புக்கு' என்றொரு முத்திரை குத்தி நீட்ட வேண்டியிருக்கிறது. அவன் சாதாரண தரப் பரீட்சை எழுதி முடித்துவிட்டான். கூட்டாளிகளோடு விளையாட விரும்புகிறான். அவனுடைய தாய் சம்மதித்துவிட்டாள். வழக்கு அத்தோடு முடிந்தது.

இனிப் பட்டியலுக்கு வருவோம். நான் பத்திரிகைத் தொழிலுக்கு வந்த காலத்தில் அச்சுக்கூடத்தில் ஈய எழுத்துக்கள்தாம் ஆட்சி செய்தன. இரண்டு வார்ப்பகங்களின் எழுத்தைக் கலந்து கோத்தால், பார்வைக்கு இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும். உயரத்தில் ஒரு மயிரிழை குறைந்த எழுத்து காகிதத்தில் பதியாமற் போகும். அச்சுக்கோப்பாளர் அதைக் கண்ணால் பார்த்தறியமாட்டார். விரல் நுனியால் தடவியே கண்டுபிடிப்பார். கணினி உறுப்புக்களின் பொருத்தமும் அந்த மயிரிழை வகையைச் சேர்ந்ததுதான்.

மருமகன் தேர்ந்த ரைசன் 5 5600 என்பது 2022இல் வந்த ப்ராசஸர். ஏ.எம்.4 என்னும் பொருத்தியில் உட்காருவது. அதன் அடியில் 1,331 ஊசிகள். பி650 பலகையோ ஏ.எம்.5 பொருத்தி உடையது. அங்கே ஊசிகள் பலகையின் பக்கத்தில், அவையும் 1,718. இரண்டும் ஏ.எம்.டி. நிறுவனத்துக்கு உரியவை, 650 என்ற எண் 450ஐவிடப் பெரிது, ஆகையால் மேலானது என்று பையன் முடிவு கட்டியிருக்கிறான். யாரும் செய்யக்கூடிய தவறு. அடுத்தது ராம். ஏ.எம்.5 பலகைகள் டி.டி.ஆர்.5 ராமை மட்டுமே ஏற்கும். அவனுடைய டி.டி.ஆர்.4 குச்சிக்கும் அதே 288 முனைகள்தாம். ஆனால் நடுவிலுள்ள வெட்டு சற்றே தள்ளி இருப்பதால் உள்ளே இறங்காது. வலிந்து அழுத்தினால் இறங்கும் என்று நினைப்பவர்களும் உண்டு. அவர்களுக்காக இரண்டு பொருட்களும் அழுவதுண்டு.

ஏ.எம்.4 பி450 பலகைக்கு இறங்கி வந்தால் எல்லாம் சரியா என்றால் அங்கும் ஒரு கண்ணி இருக்கிறது. 5600 பிறப்பதற்கு முன்பே பெட்டியில் அடைக்கப்பட்ட பழைய பலகைக்கு அந்த ப்ராசஸரை அடையாளம் தெரியாது. பயாஸ் எனும் உள்மென்பொருளைப் புதுப்பிக்க வேண்டும். "புதுப்பித்துத்தான் தருகிறீர்களா?" என்று கடையில் வாய்விட்டுக் கேட்காதவர், பொகவந்தலாவையில் இருண்ட திரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். இன்டெல் பக்கம் போனாலும் இவ்வகைச் சிக்கல்கள் இல்லாமலில்லை. 12ஆம் தலைமுறைக்கான பலகைகளில் டி.டி.ஆர்.4க்கு ஒரு வகை, டி.டி.ஆர்.5க்கு இன்னொரு வகை. பெயரின் வாலில் 'எஃப்' என்ற எழுத்துள்ள இன்டெல் ப்ராசஸரில் திரைக்குப் படம் அனுப்பும் பகுதியே கிடையாது. தனி கார்ட் இல்லாவிட்டால் ஒன்றும் தெரியாது. விலை குறைவாக இருப்பதன் இரகசியம் அதுதான்.

பம்பலப்பிட்டி யூனிட்டி பிளாசாவில் மாடி மாடியாக ஏறி இறங்கிய அனுபவம் எனக்கு உண்டு. விற்பவர்கள் பொதுவாகப் பொய் சொல்வதில்லை, கேட்டதைக் கொடுப்பார்கள். கேட்டதே பிழையாக இருந்தால் அது அவர்கள் பாடில்லை. கொழும்பில் இருப்பவர் மறுநாள் மாலை கொண்டுபோய் மாற்றிக்கொள்வார். பொகவந்தலாவைக்காரர் நோர்வூட், டிக்கோயா வழியாக ஹட்டனுக்கு ஒரு பஸ், அங்கிருந்து கொழும்புக்கு இன்னொன்று என்று போய்த் திரும்ப ஒரு முழு நாள் ஆகும். பஸ் காசோடு ஒரு நாட்சம்பளமும் போய்விடும். உத்தரவாதக் காலம் மூன்று வருடம் என்று அட்டையில் எழுதியிருப்பது இரண்டு பேருக்கும் ஒரே மூன்று வருடமன்று.

இந்தத் தூரத்துக்குப் பயந்துதான் பலர் வெளிநாட்டு அலுவலகங்களில் பாவித்துக் கழித்த டெல் ஆப்டிபிளெக்ஸ் பெட்டிகளை வாங்குகிறார்கள். அப்படியே செருகினால் வேலை செய்யும். எழுதவும் படிக்கவும் நல்ல பெட்டி என்பதில் ஐயமில்லை. ஆனால் அதை விளையாட்டுக் கணினியாக்கலாம் என்று சொல்லி விற்பதோடு எனக்கு உடன்பாடில்லை. ஆப்டிபிளெக்ஸ் 9020இன் சிறிய பெட்டியில் இருப்பது 255 வாட் பவர் சப்ளை. அது பழுதானாலோ போதாமற் போனாலோ கடையில் கிடைக்கும் சாதாரண பவர் சப்ளையைப் பூட்ட முடியாது. டெல் அதன் பலகைக்கு 24 முனைக்குப் பதிலாகத் தனக்கே உரிய 8 முனை இணைப்பை வைத்திருக்கிறது. உயரம் குறைந்த, தனி மின்கம்பி கேட்காத 75 வாட் கார்ட்கள் மட்டுமே உள்ளே அடங்கும், ஜி.டி.எக்ஸ். 1650இன் குள்ள வடிவம் போன்றவை. மேலும், அது 4ஆம் தலைமுறை இன்டெல். விண்டோஸ் 10க்கான இலவச ஆதரவு 2025 ஒக்டோபர் 14ஆம் திகதி முடிந்துவிட்டது. விண்டோஸ் 11 அதிகாரபூர்வமாகக் கேட்பது 8ஆம் தலைமுறையும் டி.பி.எம். 2.0வும். மருமகனின் கூட்டாளிகள் ஆடும் வலோரன்ட், விண்டோஸ் 11இல் அந்த டி.பி.எம். இல்லாமல் கதவைத் திறக்காது. (அவர்களுடைய அண்ணன்மார் ஆடிய கிரிக்கெட் 07 மட்டும் எந்தப் பெட்டியிலும் ஓடும். 2006இல் வந்த ஆட்டம், இன்னும் அவுட்டாகவில்லை.)

பட்டியலில் இருந்த ஆர்.எக்ஸ். 580ஐப் பற்றியும் ஒரு சொல். அந்தப் பெயரில் இரண்டு கார்ட்கள் உலவுகின்றன. 2017இல் வந்த அசலில் 2,304 கணிப்பு அலகுகள். 2018இல் சீனச் சந்தைக்கென்று வந்ததில் 2,048 மட்டுமே. உள்ளே பார்த்தால் அது ஆர்.எக்ஸ். 570தான். இணையத்தில் மலிவாகக் கிடைப்பவற்றுட் பல இந்த இரண்டாம் வகை, அவற்றுள்ளும் பல கிரிப்டோ நாணயச் சுரங்கங்களில் இரவுபகலாக உழைத்து ஓய்ந்தவை. இதைவிட மோசம், பத்து வருடத்துக்கும் மேற்பட்ட கார்டின் உள்மென்பொருளை மாற்றி ஜி.டி.எக்ஸ். 1050 டிஐ என்று விற்பது. ஜி.பி.யு.-இசட் என்ற இலவச மென்பொருள் அப்படிப்பட்டதைப் பெரும்பாலும் காட்டிக்கொடுத்துவிடும். காசு கொடுக்கும் முன் கடையிலேயே ஓட்டிப் பார்க்கச் சொல்லுங்கள்.

நிற்க. இவ்வளவும் ஒரு தரம் பார்த்தால் தெரிந்துகொள்ளக் கூடியவை. என் மருமகனின் பட்டியலில் என்னை உண்மையில் திடுக்கிட வைத்தது கடைசி வரிதான்: கேசிங்கோடு வரும் 700 வாட் பவர் சப்ளை. அந்த எண்ணை நம்பாதீர்கள். பவர் சப்ளையின் பக்கவாட்டில் ஒட்டியிருக்கும் அட்டையில் 12 வோல்ட் என்ற கட்டத்துக்குக் கீழே எத்தனை ஆம்பியர் என்று பாருங்கள். இரண்டையும் பெருக்குங்கள். 20 ஆம்பியர் என்றிருந்தால் 240 வாட். ப்ராசஸரும் கிராஃபிக்ஸ் கார்டும் உண்பது அந்த வழியிலிருந்துதான். மிச்சமெல்லாம் அட்டையின் அலங்காரம். நேர்மையான 550 வாட் பவர் சப்ளையில் அந்த இடத்தில் 45 ஆம்பியர் அளவில் இருக்கும். கையில் தூக்கிப் பார்ப்பதும் கெட்ட சோதனையன்று. பல வருடங்களுக்கு முன் நானும் ஒரு கடையில் கேசிங்கோடு இலவசமாகக் கிடைத்ததை வாங்கினேன். தீப்பெட்டி போல் பாரமற்று இருந்தது. ஆறாம் மாதம் ஓர் இரவு நீலப்புகை விட்டு அணைந்தது. போகும்போது மதர்போர்ட்டையும் துணைக்கு அழைத்துக்கொண்டு போயிற்று. பாதி எழுதிய கட்டுரையும் போனது, அதை விடுங்கள்.

ஆகவே என் கட்சி இதுதான்: லயக் காம்பராவில் கணினி கட்டுபவர் சுவரிலிருந்து தொடங்க வேண்டும். முதலில் பிளக், அடுத்து பவர் சப்ளை, அப்புறம் பலகையும் ப்ராசஸரும், எல்லாவற்றுக்கும் கடைசியில் கிராஃபிக்ஸ் கார்ட். யூடியூப்காரர்கள் தலைகீழாகத் தொடங்குகிறார்கள். அவர்கள் வீட்டுச் சுவரில் எர்த் இருக்கிறது.

வெள்ளைக்காரன் கட்டிய லயங்களுக்கு மின்சாரம் மிகப் பிந்தியே வந்தது. ஒரு காம்பராவிலிருந்து அடுத்ததற்கு இழுத்த கம்பி, கூரைத் தகரத்தை உரசிக்கொண்டு போகும் கம்பி என்று பார்த்திருக்கிறேன். 'மின் ஒழுக்கே தீக்குக் காரணம் எனப் பொலிஸார் தெரிவித்தனர்' என்ற வாக்கியத்தை என் தொழில் வாழ்க்கையில் எத்தனை முறை எழுதினேன் என்று எனக்கே கணக்கில்லை. கணினியின் பவர் சப்ளையில், மின்னிரைச்சலை வடிப்பதற்காக, கேசிங்கின் உலோகத்தோடு இணைந்த சிறு மின்தேக்கிகள் உண்டு. எர்த் கம்பி இருந்தால் அவற்றில் கசியும் சிறு மின்னோட்டம் மண்ணுக்குப் போய்விடும். இல்லாவிட்டால் 230 வோல்ட்டில் ஏறத்தாழப் பாதி அந்தத் தகரத்திலேயே நிற்கும். தொட்டால் சுருக்கென்று பிடிக்கும். ஆளைக் கொல்லும் அளவு மின்னோட்டம் அதில் இல்லை என்றாலும், தொலைக்காட்சியோடு கம்பியால் இணைக்கும் கணத்தில் கார்டின் வாயைச் சுட்டுவிடக்கூடும். உள்ளே வேறொரு பழுது வந்தால் காப்பாற்றவும் எதுவுமில்லை. நிலத்தில் ஓர் எர்த் கம்பி அடித்து, ட்ரிப் சுவிட்ச் ஒன்றும் போட்டால், அந்த வீட்டில் கணினிக்கு மட்டுமா காவல்? ஹீட்டரில் தண்ணீர் காயவைக்கும் தாய்க்குந்தான்.

மின்வெட்டுக்கு யூ.பி.எஸ். வேண்டுமா என்று கேட்டான். 2022 மார்ச் இறுதியில் நாளொன்றுக்கு 13 மணி நேரம் வரை இருட்டில் இருந்தோம்; 2025 பெப்ரவரி 9ஆம் திகதி நாடு முழுவதும் ஒரே நேரத்தில் மின்சாரம் நின்றது. வேண்டும்தான், ஆனால் ஆட்டத்தை மூடி அணைக்கும் சில நிமிடங்களுக்கு மட்டும். சித்திரை மாத மாலை இடிக்கு அதுவும் உதவாது; பிளக்கைக் கழற்றுவதே வழி. குளிர்விப்பானுக்குச் செலவழிக்க வேண்டியதில்லை. ப்ராசஸர் பெட்டியோடு வரும் சிறிய விசிறி போதும். அந்த மலைக்குளிரில் கொழும்புக்காரரின் வண்ண விளக்குக் குளிர்விப்பான் எதற்கு?

பணம் எப்படிப் போதும் என்பது அடுத்த கேள்வி. 2022இல் டொலர் 200 ரூபாயிலிருந்து 360க்குப் பாய்ந்தது. 2024 தொடக்கத்தில் வற் வரி 18 வீதமாயிற்று. 2025 இறுதியிலோ செயற்கை நுண்ணறிவுத் தரவு மையங்கள் ராமையெல்லாம் வாரிக்கொண்டு போனதில் அதன் விலை உலகெங்கும் ஏறியது. மைக்ரோன் நிறுவனம் பொதுமக்களுக்கு விற்றுவந்த குரூஷல் பிரிவையே மூடுவதாக டிசம்பரில் அறிவித்தது. கலிபோர்னியாவில் ஓர் இயந்திரத்தோடு யாரோ உரையாடுவதற்கும் பொகவந்தலாவையில் ஒரு சீட்டுப் பணம் சுருங்குவதற்கும் இப்படியொரு உறவு ஏற்படும் என்று நான் நினைத்ததில்லை.

அதனால் கிராஃபிக்ஸ் கார்டை இப்போதைக்கு வெட்டிவிடச் சொன்னேன். 5600க்குப் பதில் 5600ஜி. படம் காட்டும் பகுதி அதற்குள்ளேயே உண்டு. வலோரன்ட்டும் பழைய ஜி.டி.ஏ. 5உம் குறைந்த அமைப்பில் ஓடும். ராமை 16இன் ஒரு குச்சியாக வாங்காமல் 8உம் 8உமாக வாங்க வேண்டும்; உள்ளமைந்த கிராஃபிக்ஸ் அந்த இரட்டை வழியில்தான் மூச்சு விடுகிறது. இதற்கும் ஒரு விலை உண்டு என்பதை மறைக்கவில்லை. பின்னாளில் தனி கார்ட் போடும்போது 5600ஜி, 5600ஐவிடச் சற்றுப் பின்தங்கும், ஆர்.எக்ஸ். 6500 எக்ஸ்.டி. போல நான்கே வழித்தடமுள்ள கார்டோடு சேர்த்தால் இன்னும் சோரும். எட்டு வழித்தடமுள்ள, 132 வாட் மட்டுமே கேட்கும் ஆர்.எக்ஸ். 6600 நல்ல நிலையில் ஒன்று கிடைக்கும்வரை பொறுத்திருக்கலாம். அன்று 550 வாட் பவர் சப்ளையை மாற்ற வேண்டியிராது. இரண்டாம் சீட்டு அதற்கு.

பையனுக்கு இது ருசிக்கவில்லை. "கார்ட் இல்லாம அது என்ன மாமா கேமிங் பிசி" என்றான். இரண்டு நாள் பேசவில்லை. மூன்றாம் நாள், மின்வேலை செய்யும் பாஸ் ஒருவர் வாசலில் எர்த் கம்பி அடிப்பதைப் படம் எடுத்து அனுப்பினான். பவர் சப்ளை கூரியரில் போய்ச் சேர்ந்துவிட்டது. மற்றவை வரும்வரை அலுமாரிக்குள் சீலைகளுக்கு நடுவே இருக்கிறதாம். நேற்றுத் தங்கை பேசினாள். "ஏண்ணே, இந்தச் சின்னப் பெட்டி என்ன இந்தப் பாரம் பாரமா இருக்கு?" என்று கேட்டாள்.