முதலில் சென்செய் வேண்டும்

"சென்செய், என்-2 முடிச்சாச்சு. ரெண்டு வருஷமா சாயங்கால பேட்ச்சும் எடுத்துட்டிருக்கேன். இதை வெச்சுக்கிட்டு எந்த வேலைக்குப் போகலாம்?"

சென்னையில் ஜப்பானிய மொழி சொல்லித்தரும் சென்செய்கள், அதாவது ஆசிரியர்கள், யாரைக் கேட்டாலும் சொல்வார்கள், இந்தக் கேள்வி வராத மாதமே இல்லை என்று. கேட்கிறவர் பெரும்பாலும் பெண். பி.எஸ்ஸி. அல்லது பி.இ. முடித்திருப்பார். ஜே.எல்.பி.டி. என்ற ஜப்பானிய மொழித் திறன் தேர்வில், மிகக் கடினமான என்-1க்கு அடுத்த நிலையான என்-2 தேறியிருப்பார். பகலில் ஒரு வேலை, மாலையில் வகுப்பு. ஜப்பானிய மொழி தெரிந்திருப்பதைத் தகுதி என்று நினைக்கிறார். வகுப்பெடுத்த இரண்டு வருடத்தைக் கைச்செலவுக்குக் கிடைத்த காசு என்று நினைக்கிறார். பயோடேட்டாவில் மொழி முதல் வரியில் இருக்கும். ஆசிரியர் வேலை கடைசி வரியில் இருக்கும், சில சமயம் இருக்கவே இருக்காது.

அந்த வரிசையை மாற்றுங்கள் என்பதே நான் அவர்களுக்குச் சொல்லும் பதில். ஜப்பானிய மொழி தெரிந்தவர்கள் வருடத்துக்கு வருடம் கூடிக்கொண்டுதான் இருக்கிறார்கள். மொழியும் தெரிந்து, அதை இன்னொருவருக்குப் புரியும்படி சொல்லித்தரவும் தெரிந்தவர்தான் தேடினாலும் கிடைப்பதில்லை. இது அந்தப் பெண்களுக்கே தெரியவில்லை. அவர்களுக்கு வேலை தர வேண்டிய கல்லூரிகளுக்கும் கம்பெனிகளுக்கும் அரசுக்கும் இன்னும் உறைக்கவில்லை.

ஜப்பானிய மொழி படித்தவர்களுக்கு என்ன வேலை என்றால் எல்லோருக்கும் முதலில் நினைவுக்கு வருவது இன்டர்ப்ரிட்டர் வேலை. எனக்கும் பல வருடம் சோறு போட்டது அதுதான். 2010இல் ஒரகடத்தில் ரெனோ-நிசான் ஆலை திறக்கப்பட்டது. யமஹா, கொமாட்சு என்று ஒரகடம், வல்லம் வடகால் பக்கம் ஜப்பானியக் கம்பெனிகள் வந்தன. அவற்றுக்கு உதிரிபாகம் செய்துகொடுப்பவர்களும் பின்னாலேயே வந்தார்கள். புதிதாக ஒரு லைன் போடும்போது ஜப்பானிலிருந்து நிபுணர்கள் வருவார்கள். அவர்களுக்கும் நம் ஆட்களுக்கும் நடுவே காலை முதல் இரவு வரை நின்று பேச வேண்டும். நல்ல சம்பளம், மரியாதையான வேலை. ஆனால் லைன் ஓடத் தொடங்கியதும் அவர்கள் ஊருக்குப் போய்விடுவார்கள். இன்டர்ப்ரிட்டரின் ஒப்பந்தமும் அத்தோடு முடிந்துவிடும். அதே ஒரகடம் ஆலையில் இருந்த தன் பங்கை நிசான் 2025இல் ரெனோவுக்கே விற்றுவிட்டது. மொழியை மட்டும் நம்பியிருப்பவரின் பிழைப்பு, எங்கோ ஒரு தலைமையகத்தில் எடுக்கப்படும் இப்படிப்பட்ட முடிவுகளோடு கட்டுண்டு கிடக்கிறது. மின்னஞ்சலையும் வரைபடக் குறிப்பையும் இப்போது கணினியே ஓரளவு மொழிபெயர்த்துத் தந்துவிடுகிறது.

ஓர் உதிரிபாகத் தொழிற்சாலையில் எனக்கு நடந்ததைச் சொல்கிறேன். ஷிஃப்ட் தொடங்குவதற்கு முன் லைன் லீடர்களை உட்காரவைத்து அரை மணி நேரம் ஜப்பானிய மொழி சொல்லித்தருகிறேன் என்று மேலாளரிடம் நானாகத்தான் கேட்டேன். பாடப்புத்தகம் எதுவும் இல்லை. அந்த லைனில் தினமும் புழங்கும் வாக்கியங்கள் மட்டும்: மெஷினை நிறுத்துங்கள், அளவு மாறியிருக்கிறது, எந்த லாட்டிலிருந்து, யாரிடம் சொன்னீர்கள். ஐ.டி.ஐ. படித்த தம்பிகள். ஆங்கிலத்தில் பேசச் சொன்னால் தலையைக் குனிந்துகொள்பவர்கள். சில வாரங்கள் கழித்து அவர்களில் ஒருவர், நட்டு முடுக்கும் டார்க் அளவு காலையிலிருந்து குறைந்து வருகிறது என்று ஜப்பானிய நிபுணரிடம் நேரே போய்ச் சொன்னார். நான் அப்போது லைனின் அந்தக் கோடியில் இருந்தேன். நிபுணர் அவருடனேயே மெஷினருகே போய் நின்று பார்த்துவிட்டுத்தான் என்னைக் கூப்பிட்டார். ஒப்பந்தம் முடிந்த பிறகும் அந்தக் கம்பெனி என்னை விடவில்லை. இன்டர்ப்ரிட்டராக அல்ல, பயிற்சியாளராக வைத்துக்கொண்டது.

சொல்லித்தரத் தெரிவது என்றால் என்ன என்று கேட்பவர்களுக்கு ஒரு வகுப்பைக் காட்டலாம். நம் ஊர் வகுப்புகளில் பரவலாகப் பயன்படுவது 'மின்னா நோ நிஹோங்கோ' என்ற பாடநூல். அதன் 22ஆம் பாடம் பெயரெச்சம் போன்ற ஓர் அமைப்பைக் கற்றுத்தருகிறது. 'கினோ கத்தா ஹொன்' என்றால் 'நேற்று வாங்கிய புத்தகம்'. சொல்லுக்குச் சொல் அதே வரிசை. தமிழ் பேசும் பிள்ளைக்கு இதில் கற்க ஏறக்குறைய எதுவும் இல்லை. ஆனால் வகுப்பு ஆங்கிலத்தில் நடந்தால் என்ன ஆகிறது? முதலில் வாக்கியத்தை ஆங்கிலத்துக்கு மாற்றுகிறார்கள், அங்கே புத்தகம் முன்னால் வந்துவிடுகிறது, பிறகு அதைத் திருப்பிப் போட்டு ஜப்பானிய மொழிக்கு வருகிறார்கள். பத்து நிமிடத்தில் முடிய வேண்டிய பாடம் இரண்டு நாள் இழுக்கிறது. வேறு இடத்தில் நிலைமை நேர் எதிர். 'சென்னையில் இருக்கிறேன்', 'சென்னையில் வேலை பார்க்கிறேன்' இரண்டுக்கும் நமக்கு ஒரே 'இல்'. ஜப்பானியருக்கு இருப்பதற்கு 'நி', செய்வதற்கு 'தே'. நம் மாணவர்கள் இங்கே வருடக்கணக்கில் தவறு செய்வார்கள். எங்கே விரைந்து போகலாம், எங்கே நின்று நிதானிக்க வேண்டும் என்று தெரிவது என்-1 சான்றிதழால் வருவதில்லை. தமிழ்ப் பிள்ளைகளுக்கு வகுப்பெடுத்து வகுப்பெடுத்துத்தான் வரும். டோக்கியோவில் பிறந்து வளர்ந்த ஆசிரியருக்கும் இது தானாக வராது.

இந்தத் திறமைக்கு இப்போது ஏன் இத்தனை தேவை? ஜப்பானில் நூறு பேரில் ஏறத்தாழ 29 பேர் 65 வயதைத் தாண்டியவர்கள். முதியோரைப் பராமரிக்கவும், கட்டடம் கட்டவும், தொழிற்சாலை நடத்தவும் அங்கே ஆள் போதவில்லை. 2019 ஏப்ரலில் 'குறிப்பிட்ட திறன் பணியாளர்' என்ற புதிய விசாவைக் கொண்டுவந்தார்கள். இந்தியா அதற்கான ஒப்பந்தத்தில் 2021 ஜனவரியில் கையெழுத்திட்டது. 2025 ஆகஸ்டில் பிரதமர் ஜப்பான் சென்றபோது, ஐந்து ஆண்டுகளில் இந்தியாவிலிருந்து 50,000 திறன் பணியாளர்களும் திறமையாளர்களும் அங்கே செல்ல வழி செய்வது என்று இரு நாடுகளும் அறிவித்தன. இவர்களில் பெரும்பாலோர் யாராவது ஓர் ஆசிரியரிடம் முதல் எழுத்திலிருந்து படித்தாக வேண்டும். 2017லேயே இரு நாடுகளும் ஒரு குறிக்கோளை எழுதி வைத்தன: இந்தியாவில் 100 உயர்கல்வி நிறுவனங்களில் ஜப்பானிய மொழிப் படிப்பு, ஐந்து ஆண்டுகளில் 1,000 ஆசிரியர்களுக்குப் பயிற்சி. அதற்காக 2018இல் டெல்லியில் ஓர் ஆசிரியர் பயிற்சி மையமும் தொடங்கினார்கள். மாணவர்களைப் பற்றி யோசிக்கும் முன் ஆசிரியரைப் பற்றி யோசித்த அந்த முடிவு சரியானது. நம் மாநிலத்தில் அந்த யோசனை கல்லூரி வாசல் வரைக்கும் வந்து சேரவில்லை என்பதுதான் என் ஆதங்கம்.

நர்சிங் கல்லூரிகளைப் பாருங்கள். பராமரிப்புப் பணிக்குச் செல்ல மாணவிகள் ஜே.எல்.பி.டி. என்-4 அல்லது அதற்கு இணையான ஜே.எஃப்.டி. பேசிக் தேர்வில் தேற வேண்டும். பராமரிப்புத் திறனுக்கு ஒரு தேர்வு, பராமரிப்புக்கான ஜப்பானிய மொழிக்கு இன்னொரு தேர்வு என்று மேலும் இரண்டு உண்டு. ஜே.எல்.பி.டி.யில் பேச்சுத் தேர்வே கிடையாது. எழுதவும் வேண்டாம், சரியான விடையைக் குறித்தால் போதும். ஆனால் முதியோர் இல்லத்தில் இரவு ஷிஃப்ட் முடிந்து காலை ஷிஃப்டிடம் பொறுப்பை ஒப்படைக்கும்போது 'மோஷிஓகுரி' என்று ஒரு சடங்கு உண்டு. இன்ன அறைப் பாட்டி இரவு எத்தனை முறை எழுந்தார், தண்ணீர் எவ்வளவு குடித்தார், கழிவறை போனாரா, முகம் எப்படி இருந்தது என்று எல்லாவற்றையும் சுருக்கமாக, தப்பில்லாமல் சொல்லியாக வேண்டும். என் வகுப்பில் இதற்கு இரண்டு மாணவிகளை எதிரெதிரே நிறுத்திவிடுவேன். ஒருத்தி இரவு ஷிஃப்ட், ஒருத்தி காலை ஷிஃப்ட். காலை ஷிஃப்ட் பெண் கேட்டதைத் தாளில் எழுத வேண்டும். தேர்வில் நல்ல மதிப்பெண் வாங்கிய பிள்ளைகள்கூட முதல் நாள் வாயடைத்துப்போவார்கள். ஒரு மாதம் தினமும் செய்தால் பேசுவார்கள். இந்த ஒரு மாதம் கிடைக்காமல் விமானம் ஏறும் பெண் அங்கே போய் என்ன பாடுபடுவாள் என்று நினைத்தாலே மனசு கலங்குகிறது.

அப்படி ஏற்றி அனுப்புகிறார்களா என்றால், ஆம். நான் நேரில் பார்த்த ஒரு பயிற்சி மையத்தில், என்-4 தேறிய மாணவியே அடுத்த பேட்ச்சுக்கு ஆசிரியை. அவள் தேறி இரண்டு மாதம்கூட ஆகவில்லை. அவளிடம் குறை சொல்ல மாட்டேன். பாவம், தனக்குத் தெரிந்ததை உயிரைக் கொடுத்துச் சொல்லித்தந்துகொண்டிருந்தாள். குறை எங்கே இருக்கிறது என்றால், தகுதியான ஆசிரியருக்குக் கொடுக்கும் சம்பளத்தில். மணிக்கணக்குக் கூலி, விடுமுறை மாதத்தில் அதுவும் இல்லை, பி.எஃப். இல்லை, பிரசவ விடுப்பு இல்லை. என்-2 முடித்த ஒருவர் பி.பி.ஓ. கம்பெனியில் சேர்ந்தால் முதல் மாதமே நிலையான சம்பளம் வருகிறது. அவர் ஏன் வகுப்பறையில் நிற்க வேண்டும்?

நின்றால் எத்தனை கதவுகள் திறக்கும் என்பதை யாரும் அவருக்குச் சொல்வதில்லை. 2024 ஏப்ரலில் ஜப்பான் அரசு 'பதிவு பெற்ற ஜப்பானிய மொழி ஆசிரியர்' என்ற தேசியத் தகுதியை உருவாக்கியிருக்கிறது. அதற்கான தேர்வை எழுத எந்த நாட்டவர் என்ற நிபந்தனை கிடையாது, வயது வரம்பும் கிடையாது. தேர்வு ஜப்பானிய மொழியிலேயே இருப்பதால் என்-1 அளவுக்குத் தயாராகாமல் அதில் இறங்க வேண்டாம் என்பது என் கருத்து. அங்கே அரசுப் பள்ளிகளில் ஜப்பானிய மொழியில் உதவி தேவைப்படும் பிள்ளைகள் 2023 கணக்குப்படி ஏறத்தாழ 69,000 பேர். வீட்டில் வேறு மொழி பேசிப் பள்ளியில் திணறும் பிள்ளையின் கஷ்டம் நம்மைவிட யாருக்குப் புரியும்? புனேயில் ஜப்பானிய மொழி படித்த யோகேந்திர புராணிக், டோக்கியோவின் எடோகாவா வட்ட மன்றத்துக்கு 2019இல் தேர்ந்தெடுக்கப்பட்டார். பின்னர் இபராகி மாகாணத்தில் ஓர் அரசு உயர்நிலைப் பள்ளிக்குத் தலைமையாசிரியரே ஆனார். பி.எட். முடித்துப் பள்ளியில் ஐந்தாண்டு வேலை பார்த்தவர்களுக்கு, ஜப்பான் அரசின் ஆசிரியர் பயிற்சி உதவித்தொகை இருக்கிறது. சுமார் ஒன்றரை ஆண்டு அங்கே பல்கலைக்கழகத்தில் படிக்கலாம். தூதரகம் வழியாக விண்ணப்பிக்க வேண்டும். ஜப்பானிய மொழி ஆசிரியர்களுக்கென்றே சைதாமா மாகாணத்து உராவாவில் ஜப்பான் அறக்கட்டளையின் பயிற்சி நிலையம் 1989 முதல் நடக்கிறது. இந்தியாவிலேயே இருக்க விரும்புகிறவர்களுக்கு ஜவஹர்லால் நேரு பல்கலைக்கழகத்திலும், ஹைதராபாத் ஆங்கிலம் மற்றும் அயல்மொழிப் பல்கலைக்கழகத்திலும் ஜப்பானிய மொழிப் பட்டப்படிப்பு இருக்கிறது. யு.ஜி.சி. நெட் தேர்வில் ஜப்பானிய மொழி தனிப் பாடமாகவே உண்டு. எம்.ஏ. முடித்து நெட் தேறினால் உதவிப் பேராசிரியர் வேலைக்குப் போகலாம். இது தெரியாமல் நல்ல ஆசிரியைகள் பலர் டேட்டா என்ட்ரிக்குப் போய்விட்டார்கள்.

சென்னையில் இதற்கு அடித்தளம் இல்லாமல் இல்லை. ஜப்பானில் பயிற்சி பெற்றுத் திரும்பியவர்கள் நடத்தும் ஏ.பி.கே-ஏ.ஓ.டி.எஸ். தோசோகாய் பல பத்தாண்டுகளாக இங்கே வகுப்பு நடத்துகிறது, ஜே.எல்.பி.டி. தேர்வையும் நடத்துகிறது. ஜூலையிலும் டிசம்பரிலும் தேர்வு நாளன்று அது நடக்கும் வளாகங்களில் போய் நின்று பாருங்கள். கல்லூரிப் பிள்ளைகள், ஐ.டி. ஊழியர்கள், கைக்குழந்தையைக் கணவரிடம் கொடுத்துவிட்டு உள்ளே ஓடும் அம்மாக்கள். இவர்களில் சொல்லித்தரும் திறமை உள்ள சிலரையாவது நாம் ஆசிரியர்களாகத் தக்கவைத்துக்கொள்ள வேண்டும்.

என்-2 முடித்து வகுப்பெடுத்துக்கொண்டிருக்கும் தங்கைகளுக்கு: பயோடேட்டாவில் 'ஜப்பானிய மொழி தெரியும்' என்று ஒரு வரியோடு விடாதீர்கள். எந்த நிலைக்கு எத்தனை பேருக்கு வகுப்பெடுத்தீர்கள், எத்தனை பேர் தேறினார்கள், நீங்களே தயாரித்த பாடங்கள் என்னென்ன என்று எழுதுங்கள். கம்பெனி ஆளெடுக்கும்போது இன்டர்ப்ரிட்டர் வேலைக்கு அழைத்தாலும், பயிற்சி தருவதையும் ஒப்பந்தத்தில் சேர்க்கச் சொல்லிக் கேளுங்கள்.

நர்சிங் கல்லூரி, பாலிடெக்னிக், பொறியியல் கல்லூரி நடத்துகிறவர்களுக்கு: அடுத்த கல்வியாண்டு தொடங்கும்போது ஜப்பானிய மொழிக்கு ஒரே ஒரு நிரந்தரப் பணியிடம் உருவாக்குங்கள். மாதச் சம்பளம், பி.எஃப்., விடுப்பு எல்லாவற்றோடும். உங்கள் மாணவிகளை ஜப்பானுக்கு அனுப்பப்போகிறோம் என்று வாசலில் பேனர் கட்டுவதற்கு முன்னால் இதைச் செய்யுங்கள்.