பல்லைப் பிடித்துப் பாருங்கள்!

தானமாக வந்த மாட்டைத்தான் பல்லைப் பிடித்துப் பார்க்கக் கூடாது. காசு கொடுத்து வாங்குகிற செகண்ட்ஹாண்ட் லேஸர் பிரிண்டரைத் தாராளமாகப் பார்க்கலாம் ஸார்!

மாசத்துக்கு நாலு பயோடேட்டா, ரெண்டு ஹால் டிக்கெட் அடிக்கிற வீட்டுக்கு லேஸர்தான் தோது என்பது என் கட்சி. இங்க்ஜெட்டைச் சும்மா வைத்தால் இங்க் காய்ந்து அடைத்துக்கொள்ளும். டோனர் வெறும் பவுடர். காய்கிற பேச்சே இல்லை.

சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டில் மேலே துடைத்துப் பளபளவென்று காட்டுவார்கள். மயங்காதீர்கள். இருபது தாள் அடித்துக் காட்டச் சொல்லுங்கள். ஒரே புள்ளி சீரான இடைவெளியில் திரும்பத் திரும்ப விழுகிறதா? டிரம்மோ ரோலரோ காலி. எழுத்தைத் தேய்த்தால் விரலில் ஒட்டுகிறதா? பவுடரைச் சூட்டில் உருக்கி ஒட்டவைக்கிற ஃப்யூஸர் படுத்துவிட்டது, வேண்டவே வேண்டாம். பேப்பரை இழுக்க மட்டும் திணறினால் பிக்கப் ரோலராக இருக்கும். சின்னச் செலவுதான், அதைச் சொல்லியே விலையைக் குறைக்கலாம்.

எச்பி 1020, கேனான் 2900 இரண்டிலும் டிரம் கார்ட்ரிட்ஜுக்குள்ளேயே இருக்கிறது. புது கார்ட்ரிட்ஜ் போட்டால் டிரம்மும் புதுசு. சுமார் 2,000 பக்கம் வரும். பிரதரில் பெரும்பாலும் டிரம் தனி, செலவும் தனி. உங்கள் கம்ப்யூட்டருக்கு டிரைவர் கிடைக்குமா என்பதையும் முன்கூட்டியே பார்த்துவிடுங்கள்.

அடித்துக் காட்ட மாட்டேன் என்கிறாரா கடைக்காரர்? மாட்டை அவரே கட்டி மேய்க்கட்டும். நாம் நடையைக் கட்டலாம்!