வயரிங் செய்ய லைசென்ஸ் வேணும்... இன்டீரியர் டிசைனருக்கு வேண்டாமா?

சேத்தியாத்தோப்பு மாதிரி சின்ன ஊரிலும் இப்போ புது வீடு என்றால் மாடுலர் கிச்சன், ஃபால்ஸ் சீலிங், வார்ட்ரோப் எல்லாம் வந்துவிட்டது. பில் லட்சங்களைத் தொடுகிறது. பாதிப் பணம் வீட்டுக்கடனில் இருந்து போகிறது. வேலையை எடுப்பவர் 'இன்டீரியர் டிசைனர்' என்று விசிட்டிங் கார்டு நீட்டுகிறார். அந்தப் பெயரைப் போட்டுக்கொள்ள என்ன தகுதி வேணும்?

சட்டப்படி எதுவும் வேண்டாம்.

சட்டம் என்ன சொல்கிறது?

1972-ஆம் ஆண்டு கட்டிடக்கலைஞர்கள் சட்டம் 'ஆர்க்கிடெக்ட்' என்ற பட்டத்தைத்தான் பாதுகாக்கிறது. பதிவு செய்யாதவர் அந்தப் பெயரைப் போடக்கூடாது, ஆனால் அந்த வேலையைச் செய்யத் தடையில்லை என்று 2020 மார்ச்சில் முகேஷ் கோயல் வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கியது. இன்டீரியர் டிசைனருக்கு அந்தப் பெயர்ப் பாதுகாப்புகூட இல்லை.

ஆனால் அதே வீட்டில் வயரிங் செய்பவருக்குத் தமிழ்நாட்டில் தகுதிச் சான்று வேணும். காரணம் எளிது: வயரிங் தப்பானால் உயிர் போகும். சோபா கலர் தப்பானால் யாருக்கும் ஒன்றும் ஆகாது.

அப்போ எல்லோருக்கும் லைசென்ஸ் கொடுத்துவிடலாமா?

அமெரிக்காவின் ஃபுளோரிடா மாநிலம் இதைச் செய்து பார்த்தது. வணிகக் கட்டிடங்களில் இன்டீரியர் டிசைன் செய்ய படிப்பும் அனுபவமும் சேர்த்து ஆறு வருடம், அதற்கு மேல் ஒரு தேர்வு. 2020-இல் அந்தக் கட்டாயத்தை எடுத்துவிட்டு, விரும்பினால் பதிவு செய்யலாம் என்று மாற்றியது.

நம்ம ஊரில் அப்படி ஒரு கட்டாயம் வந்தால் முதலில் அடிபடுவது யார்? இருபது வருடமாக மரவேலை பார்க்கும் ஆசாரி, டைல்ஸ் பதிக்கும் மேஸ்திரி. வேலை தெரியும், டிகிரி கிடையாது. சென்னையில் படித்து வந்தவருக்குக் கதவு திறக்கும், இவர்களுக்கு மூடும். விலையும் ஏறும்.

அதற்காக இப்படியே விட்டுவிடலாம் என்றும் சொல்ல முடியாது. ஓப்பன் கிச்சனுக்காகச் சுவரை இடிப்பது, ஏசி பைப்புக்காக பீமில் துளை போடுவது, கேஸ் லைனை மாற்றுவது எல்லாம் அலங்கார வேலை இல்லை. ஆளுக்கு லைசென்ஸ் கேட்பதைவிட, இந்த ஆபத்தான வேலைகளுக்கு மட்டும் பொறியாளர் கையெழுத்தைக் கட்டாயமாக்கலாம். குறிப்பிட்ட தொகைக்கு மேல் போனால் எழுத்து ஒப்பந்தமும் கட்டாயம் என்று அரசு சொல்லலாம். மற்றவர்களுக்கு, விரும்பினால் எழுதும் திறன் தேர்வு போதும்.

அதுவரை நீங்கள் என்ன செய்யலாம்?

* பிளைவுட் பிராண்ட், தடிமன், முடிக்கும் தேதி எல்லாம் கொட்டேஷனில் எழுதி வாங்குங்கள்.
* முழுப் பணத்தையும் முன்னாடியே கொடுக்காதீர்கள். வேலை முடிய முடியக் கொடுங்கள்.
* சுவரில் கை வைக்கும் முன் ஒரு சிவில் இன்ஜினியரிடம் கேளுங்கள்.
* ஏமாந்தால் 1915-க்கு போன் செய்யலாம். மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் இரண்டு வருடத்துக்குள் வழக்கும் போடலாம். கொடுத்த தொகை 5 லட்சத்துக்குள் என்றால் கட்டணம் இல்லை, வக்கீலும் கட்டாயமில்லை.

சுவரில் மாட்டிய சான்றிதழ் நல்ல வேலைக்கு உத்தரவாதம் இல்லை. கையில் இருக்கும் ஒப்பந்தம்தான் நாளைக்கு உங்களுக்காகப் பேசும்.