நாடகத்துக்குப் போகுமுன் சாப்பிட்டாச்சா?

சகோதரிகளே, ஒரு உண்மையைச் சொல்லட்டுமா? கல்யாணமாகி மயிலாப்பூருக்கு வந்ததிலிருந்து எத்தனையோ சபா நாடகங்களுக்குப் போயிருக்கிறேன். ஆனால், முதல் பத்து வருஷம் ஒரு நாடகத்தைக்கூட முழுசாகப் பார்த்ததில்லை!

ஏன் என்கிறீர்களா? நாடகம் ஆறே முக்காலுக்கோ ஏழுக்கோ தொடங்கும். குழந்தைகளுக்கு டிபன் கொடுத்து, ராத்திரிக்குச் சாதம் வடித்து, ரசம் வைத்து, புடவை மாற்றிக்கொண்டு போய்ச் சேருவதற்குள் முதல் சீன் போய்விடும். எட்டரை மணிக்குச் சின்னவன், "அம்மா, பசிக்குது" என்று முந்தானையை இழுப்பான். கடைசி சீனுக்கு முன்னாலேயே எழுந்து வந்துவிடுவேன். முடிவை இவர் வந்து, ரசஞ்சாதம் சாப்பிட்டுக்கொண்டே சொல்வார். எப்பேர்ப்பட்ட ஜோக்கும் இவர் வாயிலிருந்து வரும்போது ரேடியோ செய்தி மாதிரி இருக்கும்!

சரி, வெளியில் சாப்பிட்டுவிட்டுப் போகலாம் என்று ஒரு சனிக்கிழமை துணிந்தோம். என் மாமியார் சர்க்கரைக்காரர். ஹோட்டலில் உட்கார்ந்ததுமே மாத்திரையைப் போட்டுக்கொண்டுவிட்டார். தோசையோ வந்தபாடில்லை. அரை மணிக்கு மேல் காத்திருந்துவிட்டு, "நேரமாச்சு, வந்து சாப்பிட்டுக்கலாம்" என்று ஓடினோம். அந்த அவசரம்தான் நான் செய்த தப்பு. நாடகம் பாதியில் இருக்கும்போது அவர் என் கையைப் பிடித்தார். கை நடுங்குகிறது; ரவிக்கை வியர்வையில் தொப்பலாக நனைந்திருக்கிறது. "கண்ணை இருட்டுதும்மா..."

நல்லவேளை, பக்கத்து ஸீட் அம்மாளின் கைப்பையில் குளுகோஸ் இருந்தது. தண்ணீரில் கரைத்துக் கொடுத்தோம். பதினைந்து நிமிஷத்தில் தெளிந்தார். நினைத்தால் இப்போதும் எனக்கு வயிற்றைக் கலக்குகிறது.

மறுநாள் மாமியாரே சொன்னார்: "இனிமே நாடகத்தன்னிக்கு சாயங்காலம் அடுப்பு மூட்டாதே. எல்லாருமா முன்னாடியே நிதானமா சாப்பிட்டுட்டுப் போவோம். நீயும் கடைசி வரைக்கும் உட்கார்ந்து பாரு."

அன்றிலிருந்து எந்த சபாவுக்கு எங்கே சாப்பிடுவது என்று ஒரு கணக்கே வைத்திருக்கிறேன்.

கிழக்கு மாட வீதி பாரதீய வித்யா பவனில் நாடகம் என்றால் கவலையே இல்லை. கபாலீசுவரர் கோயிலைச் சுற்றி எங்கே திரும்பினாலும் டிபன்தான். அருண்டேல் தெரு ராயர் மெஸ்ஸில் இட்லியைவிட அந்தக் கெட்டிச் சட்னிக்குத்தான் கூட்டம். இடம் சின்னது, மாலை டிபனுக்குச் சீக்கிரமே போய்விட வேண்டும். கைக்குழந்தையோடு போய்க் காத்திருக்க அது தோதுப்படாது. பிச்சுப்பிள்ளை தெரு மாமி மெஸ்ஸில் வாங்கி, நின்றபடியே சாப்பிடலாம். வளரும் பிள்ளைகளுக்குக் காளத்தி கடை ரோஸ் மில்க் என்றால் உயிர். ஆனால் மாமியார் பக்கம் அந்தத் தம்ளரை நீட்டாதீர்கள்! பொன்னம்பல வாத்தியார் தெருவில் வீட்டு ஜன்னல் வழியாகவே பஜ்ஜி கொடுத்த 'ஜன்னல் கடை'யில் நாங்கள் வாங்கித் தின்ற நாட்களும் உண்டு.

டி.டி.கே. சாலை நாரத கான சபா, மியூசிக் அகாடமி பக்கம் போகிறவர்களுக்கு, ராதாகிருஷ்ணன் சாலை நியூ உட்லண்ட்ஸ் சௌகரியம். சாய்ந்து உட்கார நாற்காலி, கை கழுவ நல்ல இடம். முழங்கால் வலிக்காரர்களுக்கு இதெல்லாம் பெரிய விஷயம். அந்தக் காலத்தில் கதீட்ரல் சாலை உட்லண்ட்ஸ் டிரைவ்-இன் ஒன்று இருந்தது. 1962-ல் தொடங்கி, 2008-ல் மூடிவிட்டார்கள். மரத்தடியில் நம் காருக்கே டிபன் வரும். அந்த இடம்தான் இப்போது செம்மொழிப் பூங்கா.

மார்கழி வந்தால் சபா கான்டீன்களே போதும். பெரும்பாலான கான்டீன்களில் டிக்கெட் இல்லாதவர்களும் தாராளமாகச் சாப்பிடலாம். மத்தியானம் வாழையிலைச் சாப்பாடு. சாயங்காலம் அடை அவியல், கீரை வடை, காசி அல்வா. இடைவேளையில் கூட்டம் அலைமோதும். அதனால் நிகழ்ச்சி தொடங்குவதற்கு முன்பே முடித்துக்கொள்ளுங்கள்.

நாகேஷ் நடித்த 'சர்வர் சுந்தரம்' தெரியுமல்லவா? 1964-ல் படமாக வருமுன் அது கே. பாலசந்தரின் சபா நாடகம். ஹோட்டல் சர்வரையே கதாநாயகனாக்கிக் கைதட்டிய ஊர் இது. நாடகமும் டிபனும் இங்கே ஒட்டிப் பிறந்தவை!

இனி நான் கற்ற பாடங்கள்:

1. நாடகத்துக்கு ஒன்றரை மணி நேரம் முன்னதாக ஹோட்டலில் உட்கார்ந்துவிடுங்கள்.

2. சாப்பாட்டுக்கு முன் போடவேண்டிய சர்க்கரை மாத்திரையை, தட்டு மேஜைக்கு வந்த பிறகே எடுக்கச் சொல்லுங்கள். வெளியில் சாப்பிடும் நாளில் மாத்திரை வேளையை எப்படி வைத்துக்கொள்வது என்று டாக்டரிடம் முன்பே கேட்டுக்கொள்ளுங்கள்.

3. கைப்பையில் குளுகோஸ் பொட்டலம் கட்டாயம். நடுக்கம், வியர்வை, படபடப்பு என்றால் உடனே மூன்று டீஸ்பூன் தண்ணீரில் கரைத்துக் கொடுங்கள். கால் மணியில் தெளியாவிட்டால் இன்னொரு தடவை. தெளிந்ததும் இட்லியோ பிஸ்கட்டோ சாப்பிட வைக்க வேண்டும். நினைவு தப்பியிருந்தால் வாயில் எதையும் ஊற்றாதீர்கள், உடனே ஆஸ்பத்திரிதான்.

4. குழந்தைகளுக்கு இட்லி, இடியாப்பம் மாதிரி ஆவியில் வெந்தது நல்லது. எண்ணெய்ப் பலகாரம் கொடுத்துவிட்டுக் குளிர்ந்த ஹாலில் உட்கார வைத்தால், நடுவில் "வயித்தை வலிக்குது" என்பார்கள். தண்ணீர் வீட்டிலிருந்தே எடுத்துப் போங்கள்.

5. ராத்திரி திரும்பி வந்தால் ஒரு வாய்க்கு மோர் சாதம் போதும். காலையிலேயே தோய்த்து வைத்தால் தீர்ந்தது.

இப்படிப் போன முதல் நாடகத்தன்று இவருக்கு ஆபீஸில் வேலை, வரவில்லை. மாமியாரும் நானும் திரை விழுகிறவரை உட்கார்ந்திருந்தோம். வீட்டுக்கு வந்ததும் இவர் ஆவலோடு, "முடிவு என்ன ஆச்சு?" என்றார்.

"மோர் சாதம் சாப்பிடுங்கோ, சொல்றேன்" என்றேன்.

உங்கள் ஊர்ச் சபாவுக்குப் பக்கத்தில் நல்ல டிபன் எங்கே கிடைக்கும்? எழுதுங்களேன். அடுத்த இதழில் சந்திப்போம்.