கனவிலும் விழித்திருக்கலாம்

பாம்பு கடித்தால் இன்ன பலன், யானை துரத்தினால் இன்ன பலன் என்று பஞ்சாங்கத்தைப் புரட்டுகிறவர்கள் நம்மில் ஒரு சாரார். "கனவாவது, மண்ணாவது" என்று காபியைக் குடித்துவிட்டு வேலைக்குக் கிளம்புகிறவர்கள் மற்றொரு சாரார். கனவைக் கண்டு அஞ்சவும் வேண்டாம், உதறித் தள்ளவும் வேண்டாம். அதை நமக்கு உதவும்படி செய்துகொள்ள முடியும் என்பது என் கட்சி.

கனவு கண்டுகொண்டிருக்கும்போதே "இது கனவு" என்று தெரிந்துவிடுகிற நிலை ஒன்று உண்டு. ஆங்கிலத்தில் இதை லூசிட் ட்ரீம் என்கிறார்கள். 1913-ல் ஹாலந்து நாட்டு மனநல மருத்துவர் ஃபிரெடெரிக் வான் ஈடன் தம் கட்டுரையில் இந்தப் பெயரை எடுத்தாண்டார். நாம் 'தெளிகனவு' என்று வைத்துக்கொள்வோம். விஷயம் அதைவிடப் பழையது. கர்நாடகத்திலேயே பைலகுப்பேயில் குடியேறியிருக்கும் திபெத்தியர்களின் பௌத்த மரபில், கனவில் விழிப்போடு இருப்பது ஒரு யோகமாகவே பல நூற்றாண்டுகளாகப் பயிலப்பட்டு வருகிறது.

உறங்குகிறவன் சொல்வதை எப்படி நம்புவது என்று கேட்கலாம். கனவு மிகுந்த உறக்கத்தில் கை கால் தசைகள் செயலற்றுக் கிடக்கும். விழிகள் மட்டும் அசையும். 1975-ல் இங்கிலாந்தில் கீத் ஹெர்ன் என்ற ஆராய்ச்சியாளர், முன்கூட்டியே பேசி வைத்தபடி ஒருவர் கனவுக்குள்ளிருந்து விழிகளை இடமும் வலமுமாக அசைத்துக் காட்டியதைக் கருவியில் பதிவு செய்தார். சில ஆண்டுகளில் அமெரிக்காவில் ஸ்டீவன் லாபெர்ஜும் தனியே ஆராய்ந்து இதே முடிவுக்கு வந்தார். 2021-ல் வெளியான ஓர் ஆய்வில், எட்டில் ஆறு போனால் எத்தனை என்று உறங்குகிறவரிடம் கேட்க, அவர் கனவிலிருந்தபடியே கண்ணசைவால் 'இரண்டு' என்று சரியாகப் பதில் சொல்லியிருக்கிறார்.

இதனால் நமக்கு என்ன லாபம்? என் சொந்தக் கதையைச் சொல்கிறேன்.

1983-ல் நான் பெங்களூரில் ஒரு தொழிற்சாலையில் இரவு ஷிப்டு பார்த்துக்கொண்டிருந்தேன். வாணியம்பாடிக்குப் பக்கத்துக் கிராமத்தில் அப்பா தவறிவிட்டதாகத் தந்தி, நான் வேலைக்குப் போன பிறகு அறைக்கு வந்தது. பக்கத்து அறைக்காரர் வாங்கி வைத்திருந்தார். காலையில் வந்துதான் பார்த்தேன். ரயில் பிடித்து ஊர் போய்ச் சேர்வதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. மூத்த மகன் நானிருக்க, தம்பி கொள்ளி வைத்திருந்தான்.

அதன் பிறகு அந்தக் கனவு வரத் தொடங்கிற்று. சிட்டி ஸ்டேஷன். கையில் தந்தி. ரயில் நகர்கிறது. ஓடப் பார்க்கிறேன், கால் எழவில்லை. அலறிக்கொண்டு எழுவேன், மனைவி தண்ணீர் கொண்டுவந்து தருவாள். நாட்டில் தந்திச் சேவை 2013-ல் நின்றுபோயிற்று. என் கனவில் மட்டும் தந்தி வந்துகொண்டே இருந்தது.

ஓய்வு பெற்ற பிறகு தெளிகனவைப் பற்றிப் படித்தேன். பயிற்சி எளியது. தலைமாட்டில் ஒரு நோட்டுப் புத்தகம். எழுந்ததும் கண்ட கனவை எழுதிவிட வேண்டும். பகலில் பலமுறை, "இது கனவா, நனவா?" என்று உண்மையாகவே கேட்டு, பெயர்ப் பலகையையோ பத்திரிகைத் தலைப்பையோ இரண்டு தடவை படிக்க வேண்டும். கனவில் எழுத்து பெரும்பாலும் மறுபடி படிக்கும்போது மாறிவிடும். இரவில் படுக்கும்போது, "அடுத்த கனவில் இது கனவென்று நினைவு கொள்வேன்" என்று தீர்மானம் செய்துகொள்ள வேண்டும். விடியலை நெருங்க நெருங்கக் கனவு மிகுந்த உறக்கம் நீளும் என்பதால், அதிகாலையில் விழிப்பு வந்து மறுபடி தூங்கும்போது இது கைகூட வாய்ப்பு அதிகம். விடியற்காலைக் கனவுக்கு நம் பெரியவர்கள் தனி மதிப்பு வைத்தது ஒருவேளை இதனால்தானோ என்னவோ!

இரண்டு மாதம் ஒன்றும் நடக்கவில்லை. ஒரு நாள் விடியற்காலை அதே ஸ்டேஷன். கையிலிருந்த தந்தியை இரண்டாம் முறை படித்தேன். எழுத்து வேறாக இருந்தது. இது கனவு என்று தெரிந்துவிட்டது. ஓடுவதை நிறுத்தி, பிளாட்பாரத்துப் பெஞ்சில் உட்கார்ந்தேன். ரயில் போயிற்று. "அப்பா, நான் வேண்டுமென்று தாமதிக்கவில்லை" என்று வாய்விட்டுச் சொன்னேன். விழித்தபோது தலையணை நனைந்திருந்தது. அலறல் இல்லை. அதற்குப் பிறகு அந்தக் கனவு இரண்டே முறைதான் வந்தது.

என் ஒருவன் அனுபவத்தை வைத்து ஊருக்கு உபதேசம் செய்யக் கூடாதுதான். ஆனால் ஹாலந்தில் கெட்ட கனவால் அவதிப்பட்ட 23 பேரை வைத்துச் செய்து 2006-ல் வெளியிட்ட சிறு ஆய்விலும், இந்தப் பயிற்சி பெற்றவர்களுக்குக் கெட்ட கனவுகள் குறைந்தன. வேடிக்கை என்னவென்றால், தெளிகனவு கைகூடாதவர்கள் சிலருக்கும் குறைந்தது. துரத்துவதைத் திரும்பிப் பார்ப்பது என்று பகலிலேயே முடிவு செய்வது பாதி மருந்து போலும். நாணயத்தைக் கோப்பைக்குள் எறியும் வித்தையைத் தெளிகனவில் பழகியவர்கள், விழித்த பிறகு முன்னைவிட நன்றாக எறிந்ததாக 2010-ல் வந்த ஆய்வு ஒன்று காட்டியது. மேடையில் பேச நடுங்குகிறவரும் நேர்முகத் தேர்வுக்கு அஞ்சுகிறவரும் கனவிலேயே ஓர் ஒத்திகை பார்த்துக்கொள்ளலாம் என்பதற்கு இது இடம் தருகிறது.

எச்சரிக்கையும் தேவை. இதற்காக அலாரம் வைத்து நள்ளிரவில் எழுந்து தூக்கத்தைக் கெடுத்துக்கொள்வது மடமை. பஸ், லாரி ஓட்டுகிறவர்களும் இயந்திரத்தின் முன் நிற்கிறவர்களும் அந்த வம்புக்கே போகக் கூடாது. நனவுக்கும் கனவுக்கும் வேறுபாடு குழம்பும் மனநோய் உள்ளவர்கள் மருத்துவரைக் கேளாமல் இதில் இறங்கக் கூடாது. விபத்து, வன்முறை போன்றவற்றால் கெட்ட கனவு விடாமல் வருத்தினால் வைத்தியம் உண்டு. நிம்ஹான்ஸ் இருக்கும் ஊரில் வாழ்கிறவர்கள் அதற்கு வெட்கப்படலாகாது.

பிழைப்புக்காக ஊரை விட்டு வந்த நம்மில் பலருக்கு, போய்ச் சேர முடியாத சாவு ஒன்று, பார்க்க முடியாத முகம் ஒன்று மனத்தில் தங்கியிருக்கும். பகலில் வேலை அதை மறைத்துவிடுகிறது. இரவில் அது வந்துவிடுகிறது. நடந்ததை மாற்ற எந்தக் கனவாலும் முடியாது. சொல்லாமல் விட்டதைச் சொல்லிவிட்டு வர ஓர் இடம் கிடைக்கும். அதற்காகவேனும் இன்றிரவு தலைமாட்டில் ஒரு நோட்டுப் புத்தகமும் பென்சிலும் வைத்துப் பாருங்கள்.